ஏழாவது தெரிவு

பிரீத்தா எதையும் சும்மா தூக்கிக் கொடுக்கிற ஆளில்லை. அதனால் மீன் ரோலைக் கடித்துக்கொண்டே அவள் சொன்னதைக் கேட்டதும் கம்சிகாவுக்குச் சந்தோஷத்தை முந்திக்கொண்டு சந்தேகம்தான் வந்தது.

"உங்க ஃபர்ஸ்ட் பிக்கை எனக்குக் கொடுத்துடுங்க கம்சிகா. பதிலுக்கு என்கிட்ட இருக்கிற ஏழாவது, எட்டாவது ரெண்டையும் நீங்க எடுத்துக்கோங்க. ஒண்ணுக்கு ரெண்டு. இப்பவே சொல்ல வேணாம், நாளைக்கு ஹால்ல சொன்னாப் போதும்."

சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். சென்னைக்காரி, வங்கியொன்றில் நாள் முழுக்க இதே மாதிரிக் கொடுக்கல் வாங்கல்தான் பார்க்கிறாளாம். விம்பிள்டன் அணியை அவள் பொறுப்பெடுத்ததிலிருந்து கோப்பை வேறு பக்கம் போனதேயில்லை.

கம்சிகா பொறுப்பாயிருக்கிற ஸ்ட்ரெதம் அணி அதற்கு நேர் எதிர். லண்டன் தமிழ்ப் பெண்கள் உதைபந்தாட்ட லீக்கில் அணிகள் எட்டு; எட்டாவது யார் என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் சொல்லும். முன்பெல்லாம் ஊர்வாரியாகத்தான் அணிகள் இருந்தன. நல்ல ஆட்டக்காரி ஒருத்தி புதிதாக வந்தால், அவள் தாயின் ஊருக்கா தகப்பனின் ஊருக்கா விளையாட வேண்டும் என்று மைதானத்தில் தொடங்கிய சண்டை கல்யாண வீடுகள் வரைக்கும் போனது. கடைசியில் யாரோ ஒரு புண்ணியவான் தொலைக்காட்சியில் அமெரிக்கக் கால்பந்தைப் பார்த்துவிட்டு 'டிராஃப்ட்' என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு சனிக்கிழமை எல்லா அணிகளுக்கும் முன்னால் விளையாடிக் காட்ட வேண்டும். மறுநாள், போன வருடம் கடைசியாக வந்த அணி முதலில் ஒருத்தியைத் தெரிவு செய்யும். அதற்கு மேலே வந்த அணி அடுத்தது. இப்படியே போய், கோப்பை வென்ற அணிக்கு எட்டாவது தெரிவு; விரும்பினால் அணிகள் தெரிவை மாற்றிக்கொள்ளலாம், ஏழாவதைப் பிரீத்தா ஏற்கெனவே அப்படித்தான் வாங்கி வைத்திருந்தாள். அந்த ஒரு சுற்றுத்தான். மிச்சப் பேருக்குத் திருவுளச்சீட்டு. எங்கள் ஆட்கள் அமெரிக்காவிலிருந்து எதைக் கொண்டுவந்தாலும் அதன் வாலில் ஒரு திருவுளச்சீட்டைக் கட்டாமல் விடமாட்டார்கள்.

கடைசியாக வருவதற்கும் ஒரு எல்லை வைத்திருந்தார்கள். தொடர்ந்து மூன்று வருடம் கடைசி என்றால் அணி கலைக்கப்படும், ஆட்களை மற்ற அணிகள் பிரித்தெடுக்கும். ஸ்ட்ரெதம் இரண்டு வருடத்தை முடித்துவிட்டது.

அணி கலைந்தால் என்ன, வேறொரு அணியில் விளையாடலாமே என்று கேட்பவர்களுக்குக் கம்சிகாவால் விளக்கம் சொல்ல ஏலாது. புருஷன் பிரிந்துபோன வருடம் அவள் கட்டிலை விட்டு எழும்பாமல் கிடந்தாள். அப்போது ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோல் கீப்பர் சுசிலா வாசலில் வந்து நின்று, அயலவர்கள் யன்னலைத் திறந்து ஏசும்வரைக்கும் ஹோர்ன் அடித்தாள். காருக்குள் மற்றவர்கள் நெருக்கிக்கொண்டு இருப்பார்கள். ஒருத்தியும் ஆறுதல் சொல்லவில்லை, காலுறையைத்தான் நீட்டினார்கள். அந்தப் பெண்களை எட்டுத் திசைக்கும் பிரித்துக் கொடுப்பதை அவளால் நினைத்துப் பார்க்கவே ஏலாது.

"இதில யோசிக்கிறதுக்கு என்ன கிடக்கு?" என்றாள் சுசிலா, மைதானத்திலிருந்து ஸ்டேஷனுக்கு நடக்கும்போது. "முதல் தெரிவு எங்களிட்டை இருக்கு. லக்‌ஷிகா இருக்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு எடு."

லக்‌ஷிகாவைப் பற்றி யாருக்கும் சந்தேகமில்லை. இருபது வயது; பல்கலைக்கழக அணிக்குக் கோல் அடித்துக் குவித்தவள். அன்று காலை அவள் ஓடிய ஓட்டத்துக்கு நின்றவர்கள் எல்லாரும் 'ஆ' என்று வாயைப் பிளந்தார்கள். ஆனால் கம்சிகாவின் தொழில் வீடுகளுக்கு விலை மதிப்பது. எல்லாரும் ஆசைப்படுகிற மூலை வீட்டுக்கு, அது தருகிற சுகத்தை விட அதிக விலைதான் கேட்பார்கள் என்பது அவளுக்குத் தெரியும். போன வருடங்களில் முதலாவதாக எடுத்தவர்களில் ஒருத்தி பாதியில் கனடாவுக்குப் போனாள். இன்னொருத்தி பயிற்சிக்கே வருவதில்லை. ஏழாவதாக, எட்டாவதாக எடுபட்டவர்கள்தான் மழையிலும் வந்து நிற்கிறார்கள்.

"ஒருத்தியாலை ஒரு அணி உருப்படாது அக்கா. ரெண்டு நல்ல ஆள் வந்தால் நிமிரலாம்."

"உனக்கு என்ன விசரா? பிரீத்தா கேக்கிறாள் எண்டாலே அதில அவளுக்கு லாபம் இருக்கு. முதலாவது முதலாவதுதான்."

இப்படி இழுபட்டுக்கொண்டு வரும்போதுதான், பயிற்சிக் கூம்புகள் வைத்த பையை மைதானத்திலேயே விட்டுவிட்டு வந்தது கம்சிகாவுக்கு ஞாபகம் வந்தது. சுசிலாவை ரயிலுக்கு அனுப்பிவிட்டு அவள் திரும்பி நடந்தாள்.

பை விட்ட இடத்திலேயே கிடந்தது. தமிழ்ச் சனம் ஒன்றும் இல்லை. ஆனால் மரங்களுக்கு அப்பால் இருந்த சின்ன மைதானத்தில் ஆண்கள் சிலர் விளையாடுகிற சத்தம் கேட்டது. வேலை முடிந்து வந்து வியர்வை சிந்துகிற ரகம். போலந்துக்காரர், கானாக்காரர் என்று கலவையான கூட்டம். அவர்களுக்கு ஓர் ஆள் குறைந்திருக்க வேண்டும். நடுவில் ஒரு பெண் நின்றாள். காலையில் பார்த்த முகம்.

ஓவியா என்று பெயர். கடலூரிலிருந்து தாதி வேலைக்கு வந்து ஒரு வருடமாகவில்லை. காலை ஆட்டத்தில், பந்து சுடுகிறது போல வந்த கையோடு பக்கத்து ஆளிடம் தள்ளிவிட்டுக்கொண்டு திரிந்தாள். 'பரவாயில்லை' என்று கூட யாரும் சொல்லவில்லை.

இப்போது அவளிடம் பந்து வந்தது. வருவதற்கு முன்பே இரண்டு தோளுக்கு மேலாலும் ஒருதடவை பார்த்துவிட்டாள். கால் பட்டதும் பந்து அடங்கிவிட்டது. பிறகு அவள் அதை யாரும் இல்லாத ஒரு வெறும் இடத்துக்கு அனுப்பினாள். பிழையாகப் போட்டுவிட்டாள் என்றுதான் கம்சிகா நினைத்தாள். பந்து அங்கே போய்ச் சேரும்போது, வயிறு முன்னால் போக ஆள் பின்னால் போகிற ஒரு மனிதர் அங்கே வந்து நின்றார். தான் ஏன் அங்கே வந்தோம் என்று அவருக்கே தெரியாது. கால் நீட்டினார், கோல்.

கம்சிகா பையைக் கீழே வைத்தாள்.

அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும். வேகம் ஒன்றும் பெரிதில்லை, வித்தை காட்டவும் இல்லை. அவளைச் சுற்றி விளையாடியவர்கள் எல்லாரும் மெல்ல மெல்லக் கெட்டிக்காரர்களாகிக்கொண்டு வந்தார்கள், அவ்வளவுதான். எங்கே ஓடினால் பந்து வரும் என்று அவர்களுடைய கால்களுக்குத் தெரிய ஆரம்பித்தது. வயிற்றுக்காரர் மூன்றாவது கோலையும் போட்டுவிட்டு, பிறந்ததிலிருந்தே இப்படித்தான் என்பது போலக் கையை விரித்துக்கொண்டு ஓடினார். மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்ற கம்சிகாவுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பதின்மூன்று வயதிலிருந்து அவள் பந்தோடு திரிகிறாள். கண்முன்னால் இப்படி ஒன்றை அவள் பார்த்ததில்லை. தான் இவ்வளவு காலமும் விளையாடியது வேறு ஏதோ விளையாட்டு என்று தோன்றியது.

ஆட்டம் முடிந்து திரும்பிய ஓவியா அவளைக் கண்டதும் திடுக்கிட்டு நின்றாள். முகம் செத்துப்போனது.

"அக்கா, நீங்க ஸ்ட்ரெதம்தானே? தயவு செஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"ஏன் காலைல இப்பிடி விளையாடேல்லை?"

ஓவியா புல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். மாநில அணிக்கு ஆள் எடுக்கும்போது ஊரே திரண்டு பார்த்ததாம். பெரியவர் ஒருவர் எழுந்து நின்று இவளைப் போல ஒருத்தி இனிப் பிறக்கப்போவதில்லை என்றாராம். பத்திரிகையில் படம் வந்தது. அடுத்த கிழமையே முழங்கால் போனது. இரண்டு வருடம் படுக்கை. "கண்ணு பட்டுடுச்சுன்னு அம்மா அழுதாங்க. அன்னையில இருந்து ட்ரையல்னு வந்தா நான் பாதிதான் விளையாடுவேன்."

"அப்ப மேட்ச்சில?"

"மேட்ச்ல பிரச்சினை இல்லக்கா. அங்க எல்லாரும் பந்தைப் பாப்பாங்க. ட்ரையல்லதான் ஆளைப் பாப்பாங்க."

கம்சிகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் சோதனை பாஸ் பண்ணிய ஒவ்வொரு முறையும் தாய் மிளகாய் சுற்றிப் போட்டு நாவூறு கழித்ததில் வீட்டுப் புகை எச்சரிக்கை மணி அலறியது அவளுக்கு மறக்கவில்லை.

"பயப்பிடாதேயும். நான் ஒருத்தருக்கும் சொல்ல மாட்டன்," என்றாள்.

ரயிலில் வரும்போது கணக்குத் தானாகவே விழுந்தது. ஓவியாவை யாருக்கும் தெரியாது. ஏழாவது தெரிவு வரைக்கும் அவள் அப்படியே கிடப்பாள். பிரீத்தாவுக்கு லக்‌ஷிகாவைக் கொடுத்துவிட்டால், ஏழாவதாக ஓவியா, எட்டாவதாக இன்னொரு நல்ல ஆள். இவ்வளவு நல்ல வியாபாரம் தன் வாழ்க்கையில் வந்ததில்லை என்று அவளுக்குப் பட்டது. எவரும் கவனிக்காத தெருவில் ஒரு மாளிகையைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் ஸ்ட்ரெதம் ஸ்டேஷனையும் தாண்டிப் போய் இறங்கினாள்.

மறுநாள் மத்தியானம் விம்பிள்டனில் வாடகைக்கு எடுத்த மண்டபம் நிரம்பியிருந்தது. லீக் தலைவர் சவிரிமுத்து அண்ணை ஒலிவாங்கியை ஊதிப் பார்த்துவிட்டு, "ஆரும் தெரிவு மாத்திறதெண்டால் இப்பவே சொல்லுங்கோ, பிறகு என்னைப் பேசக்கூடாது" என்றார். கம்சிகா எழுந்தாள். முதலாவதைக் கொடுத்து ஏழாவதையும் எட்டாவதையும் எடுத்துக்கொள்வதாக அவள் சொன்னதும் மண்டபம் இரைந்தது. சுசிலா நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்துத்தான் திரும்பி வந்தாள். காரணத்தைக் கம்சிகா அவளுக்கும் சொல்லவில்லை. ஓவியாவுக்குக் கொடுத்த வாக்குக் கொடுத்ததுதான்.

பொறுப்பாளர்கள் புதியவர்களிடம் போய்ச் சுகம் விசாரிப்பது வழக்கம். கம்சிகாவும் போனாள். ஒவ்வொருத்தியிடமும் ஊர், வேலை, படிப்பு எல்லாம் கேட்டாள். கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பின்வரிசையில் தண்ணீர்ப் போத்தலோடு இருந்த ஓவியாவை மட்டும் விட்டுவிட்டாள். அந்தப் பக்கம் தலையையே திருப்பவில்லை. அவள் வளர்ந்த வீட்டில் அப்படித்தான் பழக்கம். உயிராய் நினைக்கிற பொருளை நாலு பேருக்கு முன்னால் உற்றுப் பார்க்கக் கூடாது.

பிரீத்தா முதலாவதாக லக்‌ஷிகாவை எடுத்தாள். கைதட்டல் அடங்க நேரமெடுத்தது. இரண்டாவது போனது, மூன்றாவது போனது. ஒவ்வொரு பொறுப்பாளரும் எழும்பி ஒலிவாங்கியை நோக்கி நடக்கும்போது ஓவியாவின் பெயரைச் சொல்லிவிடுவாரோ என்று கம்சிகா பயந்தாள். ஒவ்வொரு பெயரும் வேறு பெயராக இருக்க, பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டாள். நேற்று ரயிலில் இந்தப் பயம் கணக்கில் வரவேயில்லை. ஏழாவதுக்கு முன்னால் உள்ளது ஆறு இலக்கங்கள் என்றுதான் நினைத்திருந்தாள். முன்னால் ஆறு மனிதர்கள் இருந்தார்கள், ஆறு பேருக்கும் வாய் இருந்தது.

நாலாவது, ஐந்தாவது. ஓவியா இன்னும் பின்வரிசையில்தான்.

ஆறாவது தெரிவு எட்மண்டனுடையது. அதன் பொறுப்பாளர் பத்ரிநாராயணன் பல் வைத்தியர். இரண்டு மகள்களையும் விளையாடக் கூட்டிவந்து, கடைசியில் அணியையே தலையில் சுமக்கிறவர். அவர் அவசரப்படாமல் எழுந்தார். ஒலிவாங்கிக்குப் போகும் வழியில் கம்சிகாவை ஒருதடவை பார்த்தார்.

"எட்மண்டன் ஓவியாவை எடுக்குது."

தெரிவுக்குக் காரணம் ஒரு வசனத்தில் சொல்ல வேண்டும் என்பது விதி. "காரணமா? இன்னும் தெரியல, போகப் போகத் தெரிஞ்சுக்குவேன்," என்றார். மண்டபம் சிரித்தது. கம்சிகாவுக்கு மட்டும் நிலம் நழுவியது. அதற்குப் பிறகு ஏழாவதாகவும் எட்டாவதாகவும் அவள் வாசித்த பெயர்கள் அவள் காதிலேயே விழவில்லை.

தேநீர் மேசையில் அவரைப் பிடித்துவிட்டாள். "டொக்டர், உண்மையைச் சொல்லுங்கோ. அந்தப் பிள்ளை விளையாடினதை எங்கை பார்த்தனீங்கள்?"

"நான் எங்கம்மா பார்த்தேன்? உங்களைத்தான் பார்த்தேன்." அவர் சீனியைக் கலக்கினார். "முதல் பிக்கை விட்டுட்டு ஏழாவதுக்குப் போறீங்கன்னா, ஏழாவதுல உங்களுக்கு ஏதோ இருக்கணும். இருக்கிற அத்தனை பொண்ணுங்ககிட்டயும் போய்ப் பேசினீங்க. அந்த ஒருத்திகிட்ட மட்டும் போகல, பார்க்கக்கூட இல்ல. என்கிட்ட வர்றவங்களும் இப்படித்தான். வலிக்கிற பல் இருக்கிற பக்கமா யாரும் மெல்ல மாட்டாங்க."

கம்சிகா தேநீரைக் குடிக்காமலே வைத்துவிட்டாள். திரும்பும் ரயிலில் சுசிலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். இனி மறைத்து என்ன. மரத்தடியில் நின்று பார்த்ததை, அந்த வயிற்றுக்காரரை, கணக்கை. ஸ்ட்ரெதமில் இறங்கும்போது சுசிலா, "அப்பிடியென்ன பெரிய ஆட்டம்?" என்று மட்டும் கேட்டாள்.

கணக்கு என்று பார்த்தால் கம்சிகாவினுடையது பிழையாகப் போகவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். ஏழாவதாக வந்தவள் பின்வரிசையில் சுவர் மாதிரி நின்றாள். எட்டாவதாக வந்தவள் மழையென்றும் பாராமல் ஓடினாள். ஸ்ட்ரெதம் வழக்கமான அடிகளை வாங்கவில்லை. சில ஆட்டங்களைச் சமன் செய்தது, ஒன்றிரண்டை வென்றும் காட்டியது. கடைசிக் கிழமைக்கு வரும்போது, இன்னொரு சமன் கிடைத்தால் போதும், கடைசி இடம் இல்லை, அணி பிழைத்தது என்ற நிலை.

எதிரே எட்மண்டன். அந்த வருடம் அவர்களை ஒருவரும் தோற்கடிக்கவில்லை, லக்‌ஷிகாவின் விம்பிள்டன் உட்பட.

செப்டெம்பர் மாதத்து ஞாயிறு. கோப்பை கொடுக்கிற நாள் என்பதால் லீக்கின் சனமெல்லாம் மைதானத்தைச் சுற்றி நின்றது. ஸ்ட்ரெதம் உயிரைக் கொடுத்து விளையாடியது. சுசிலா நாற்பத்திரண்டு வயது உடம்பை இரண்டு பக்கமும் வீசியெறிந்தாள். ஆட்டம் முடியப்போகிற நேரம் ஒன்றுக்கு ஒன்று. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும். கோட்டோரம் நின்ற கம்சிகா நகத்தைக் கடித்துக் கடித்து விரலுக்கு வந்துவிட்டாள்.

அப்போது எட்மண்டனின் பின்வரிசையிலிருந்து ஓவியாவை நோக்கிப் பந்து உருண்டு வந்தது. அவள் கோலுக்கு முதுகு காட்டி நின்றாள். பந்து வரும் முன்பே இரண்டு தோளுக்கு மேலாலும் பார்த்தாள். கம்சிகா நெஞ்சுக்குள் அந்த ஆட்டத்தை நூறு தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறாள். வலத் தோளில் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றால் பந்து இடப்பக்கம்தான் போகும்; இப்போதும் நின்றது. உலகத்திலேயே அது தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

"இடப்பக்கம்! அக்கா, இடப்பக்கம்!" என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

ஸ்ட்ரெதம் முழுக்க இடப்பக்கம் சாய்ந்தது. சுசிலாவும் சாய்ந்தாள்.

ஓவியா பந்தை இடப்பக்கமும் அனுப்பவில்லை, வலப்பக்கமும் அனுப்பவில்லை. தொடவேயில்லை. காலைத் தூக்கி வழிவிட்டாள். பந்து அவளுக்குக் கீழாலே, வந்த வேகத்திலேயே உருண்டு போனது. அங்கே எட்மண்டனின் ஆகக் கெட்ட ஆட்டக்காரி, அந்த வருடம் ஒரு கோல் கூடப் போடாதவள், மூச்சு வாங்கிக்கொண்டு தனியே நின்றாள். அவளை எல்லாரும் மறந்துவிட்டார்கள், ஓவியாவைத் தவிர. பந்து தானாக அவள் காலடிக்கு வந்து நின்றது. தட்டினாள்.

மைதானத்தில் சத்தமே இல்லை. கோல் போட்டவளுக்கே கத்தத் தோன்றவில்லை. பிறகு, கோட்டோரம் நின்ற தாய்மார் பக்கத்திலிருந்து ஒரு சத்தம் எழுந்தது: "தூ... தூ..." ஒருத்தி தொடங்க மற்றவள் தொடர்ந்தாள். எட்மண்டன் பக்கம், ஸ்ட்ரெதம் பக்கம், கோப்பை போன வயிற்றெரிச்சலில் நின்ற விம்பிள்டன் பக்கம் கூட. அந்தப் பிள்ளைக்கு நாவூறு படக்கூடாது என்று ஒரு மைதானமே நிலத்தில் துப்பியது. கைதட்டல் அதற்குப் பிறகுதான் வந்தது. ஓவியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அணி போய்விட்டது. கம்சிகாவுக்கு அது நன்றாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமைகள் போயின, அந்தக் கார் நெரிசல் போனது. ஆனால் அவள் கண்ணில் வந்து நின்ற தண்ணீர் அதற்காக அல்ல என்பதுதான் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அந்த ஆட்டத்தை முழுக்க அறிந்தவள் தான் என்று நினைத்திருந்தாளே; கால்வாசி கூட அறியவில்லை. இப்படி ஒன்றைப் பார்க்கக் கொடுத்துவைத்தோமே என்று நெஞ்சு நிறைந்து, தாங்க ஏலாமல் இருந்தது.

சுசிலா மண்ணும் புல்லுமாக எழும்பி வந்தாள். கையுறைகளைக் கழற்றவில்லை. கம்சிகாவுக்குப் பக்கத்தில் வந்து நின்று, ஓவியாவைப் பார்த்தாள். அவள் குரலில் கோபமில்லை. கோயிலுக்குள் கதைக்கிற குரலில்தான் கேட்டாள்:

"இவளையோடி ஏழாவதா எடுக்கலாம் எண்டு நினைச்சனீ?"